கொல்லன் உலையும் குலப்பெருமையும்

பாட்டனார் யார் என்று கேட்டால் பலருக்கு மார்பு நிமிர்கிறது. பாட்டனாரின் பாட்டனார் யார் என்று கேட்டால் நாக்குத் தடுமாறுகிறது. அதற்கும் மேலே போய், "அவருக்கு முன்னால் யார்?" என்று கேட்டாலோ, வரலாறு முடிந்து புராணம் தொடங்கிவிடுகிறது! அரசன் வருகிறான், முனிவன் வருகிறான், சூரியனும் சந்திரனும்கூட உறவு கொண்டாட ஓடி வருகிறார்கள். கலப்பை பிடித்தவனும் சம்மட்டி தூக்கியவனும் மட்டும் அந்தப் பட்டியலில் தலைகாட்டுவதே இல்லை. உலகத்தார் அனைவரும் மன்னர்களின் பேரர்கள் என்றால், அந்த மன்னர்கள் உண்ணும் சோற்றுக்கு உழுதவன் யார்? அவர்கள் கையிலிருந்த வாளை அடித்துக் கொடுத்தவன் யார்? அவர்களெல்லாம் பிள்ளைகுட்டி இல்லாமலேயே மாண்டு போனார்களா?

இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நாம் ஒரு கொல்லனைத் தேடிப் போவோம். அவன் நம் நாட்டான் அல்லன். கடல் கடந்து, பனி உறையும் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையிலே உலை மூட்டிய பிரெஞ்சுக் கனடாக் கொல்லன். அவனைத் தேடிச் செல்லும் வழியிலே, பரம்பரை என்பது என்ன, பதிவேடு என்பது என்ன, இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதெல்லாம் விளங்கும்.

கொல்லன் அவரையான கதை

1840-க்கும் 1930-க்கும் இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 9 இலட்சம் பிரெஞ்சுக் கனடியர் கியூபெக்கை விட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டுக்குப் போனார்கள். நிலம் போதவில்லை, கடன் கழுத்தை நெரித்தது, எல்லைக்கு அப்பால் பஞ்சாலைகள் கூவி அழைத்தன. லோவெல், மான்செஸ்டர், ஃபால் ரிவர், ஊன்சாக்கெட் ஆகிய நகரங்களின் ஆலைகளிலே ஆணும் பெண்ணும் சிறுவரும் நூல் நூற்றனர். போன இடத்தில் மொழி மாறியது. மொழி மாறவே, பெயரும் மாறியது. "ருவா" என்றால் பிரெஞ்சில் அரசன். அவன் "கிங்" ஆனான். "லெபிளான்" என்றால் வெள்ளையன். அவன் "வொயிட்" ஆனான். "புவாவேர்" என்றால் பசுங்காடு. அவன் "கிரீன்வுட்" ஆனான்.

இவற்றுள் வேடிக்கை மிகுந்தது "லெஃபெவ்ர்" என்ற பெயரின் கதை. இலத்தீன் மொழியில் "ஃபாபர்" என்றால் கைவினைஞன், கொல்லன். அந்த வேரிலிருந்து முளைத்த பெயரே லெஃபெவ்ர். ஆங்கிலத்தில் ஸ்மித், ஜெர்மானியத்தில் ஷ்மிட், உருசிய மொழியில் குஸ்னெத்சோவ், அங்கேரிய மொழியில் கோவாச் என்று ஊருக்கு ஊர் உலவும் அதே கொல்லன்தான். ஆனால் அந்த ஒலி, அவரையைக் குறிக்கும் "ஃபேவ்" என்ற பிரெஞ்சுச் சொல்லைப் போலக் காதில் விழுந்தது. எனவே சில குடும்பங்கள் ஆங்கிலத்தில் "பீன்" ஆகிவிட்டன. உலையிலே பிறந்த பெயர் அவரைப் பந்தலிலே போய்த் தொங்கியது! பீன் என்ற பெயர் கொண்ட ஒருவர், தம் முன்னோர் அவரை பயிரிட்டவர் என்று கதை கட்டினால் அது எவ்வளவு பொருந்தும்? பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு பெருமை பேசுவோரின் கதையெல்லாம் இவ்வளவுதான்.

லோவெல் நகரில் 1922-ல் பிறந்த எழுத்தாளர் ஜாக் கெருவாக் இத்தகைய குடியேறிகளின் மகன். தம் மூதாதை பிரித்தானிப் பகுதியின் பிரபு என்று வீட்டில் சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்தவர். 1965-ல் பாரிசுக்கும் பிரித்தானிக்கும் சென்று தேடினார். வெறுங்கையோடு திரும்பினார். பின்னாளில் ஆய்வாளர்கள் ஏடுகளைப் புரட்டிக் கண்டது என்ன? அந்த மூதாதை ஊவெல்கோவா என்ற ஊரின் ஆவணப் பதிவாளர் ஒருவரின் மகன். கனடாவில் வேறு பெயர் சூட்டிக்கொண்டு வாழ்ந்தவர். பிரபு கதையில் கரைந்தார். ஆவணப் பதிவாளரின் மகன் ஏட்டில் எழுந்தார்.

ஏடு பேசுகிறது

கொல்லனைத் தேடுவோர் கையில் எடுப்பது மந்திரக்கோல் அன்று, கோவில் ஏடு. பிரெஞ்சு அரசு 1539-ல் பிறந்தோர் பெயரை எழுதி வைக்கப் பாதிரிமாருக்கு ஆணையிட்டது. 1579-ல் திருமணமும் இறப்பும் சேர்ந்தன. 1667-ல் வந்த சட்டம், ஏட்டை இரண்டு படிகளாக எழுதுக என்றது: ஒன்று கோவிலுக்கு, மற்றொன்று நீதிமன்றத்துக்கு. இந்த முறை கியூபெக்கிலும் வேர்விட்டது. ஒன்று எரிந்தாலும் மற்றொன்று நிலைக்கும் என்பது எத்துணை அறிவார்ந்த ஏற்பாடு! அதன் தேவையைக் கியூபெக் நகரம் முன்பே பட்டறிந்திருந்தது. 1640-ல் கோவில் எரிந்தது, ஏடும் எரிந்தது. ஆண்டவன் இல்லம் என்பதற்காக நெருப்பு அதனிடம் தயவு காட்டவில்லை. மனிதர்களின் நினைவைக் கொண்டே அந்த ஏட்டைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

தேடும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். தெரிந்த பாட்டியிலிருந்து தொடங்க வேண்டும். அவரது திருமணப் பதிவைக் காண வேண்டும். அதிலே மணமகனின் தாய்தந்தை பெயரும் மணமகளின் தாய்தந்தை பெயரும் இருக்கும். அந்தத் தாய்தந்தையரின் திருமணப் பதிவைத் தேட வேண்டும். அதிலிருந்து அடுத்தது. ஏணியின் ஒவ்வொரு படியாக ஏறி, முந்நூறு ஆண்டு மேலே போகலாம். கடைசிப் படியில், கடல் கடந்து வந்தவனின் திருமணப் பதிவிலே, அவன் பிரான்சில் எந்த ஊரான் என்பதும் பல நேரங்களில் எழுதப்பட்டிருக்கும்.

இந்த ஏணியைச் செதுக்கியவர்களையும் சொல்ல வேண்டும். சிப்ரியன் தாங்கே என்ற பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாகப் பிரெஞ்சுக் கனடாக் குடும்பங்களின் அகராதியை வெளியிட்டார். 1966-ல் மாண்ட்ரீல் பல்கலைக்கழகத்தில் யூபேர் ஷார்பொனோ, ஷாக் லெகாரே என்ற இரு மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஒரு பெரும்பணியைத் தொடங்கினர்: 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் எல்லா ஏடுகளையும் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு மக்கள் கூட்டம் முழுவதன் பிறப்பையும் மணத்தையும் இறப்பையும் ஒன்றோடொன்று பிணைப்பது. அங்கே செங்கல் அடுக்குவதுபோல் சான்று அடுக்கப்பட்டது. ஒரு கல் பொருந்தாவிட்டால் எடுத்து எறியப்பட்டது. இதுவன்றோ பகுத்தறிவு!

கோவில் ஏடு பெயரைத் தரும்; வாழ்க்கையைத் தருவது ஆவணப் பதிவாளரின் ஏடு. திருமண ஒப்பந்தம், நில விற்பனை, தொழில் பழகும் சிறுவனின் ஒப்பந்தம் எல்லாம் அங்கே உண்டு. ஒருவன் இறந்தால் வீட்டிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக எழுதி விலை மதிப்பார்கள். கொல்லன் வீட்டுப் பட்டியலிலே துருத்தி இருக்கும், பட்டடை இருக்கும், சம்மட்டியும் குறடும் அரமும் இருக்கும். அரசர்களின் கதையை எழுதிய ஏடுகள் எத்தனையோ உண்டு. ஏழைத் தொழிலாளியின் துருத்திக்கும் ஒரு வரி ஒதுக்கிய ஏடு அரிது. அந்த ஒரு வரியைக் காணும் பேரன், மணிமுடியைக் கண்டாலும் அவ்வளவு மகிழமாட்டான்.

கப்பலேறி வந்த சம்மட்டி

அந்தக் கொல்லன் ஏன் வந்தான்? பிரான்சில் நகரத் தொழில்கள் பல, சங்கங்களின் பிடியில் இருந்தன. மேலாளன் என்ற தகுதி பெறக் காலமும் வேண்டும், பணமும் வேண்டும். மேலாளனின் மகனுக்கு வாயில் அகலத் திறந்தது. மற்றவனுக்கோ ஒருக்களித்துத் திறந்தது. 1627-ல் புதிய பிரான்சை ஆளும் உரிமை பெற்ற நூற்றுவர் கழகத்தின் சாசனம் ஓர் ஆசை காட்டியது: அங்கே ஆறாண்டு தொழில் செய்த கைவினைஞன், திரும்பி வந்தால் பாரிசிலும் மற்ற நகரங்களிலும் மேலாளனாகவே மதிக்கப்படுவான். பிறந்த வீட்டைக் கேட்காமல், செய்த வேலையைக் கேட்ட விதி அது.

ஆனால் அதே சாசனம், குடியேறுவோர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. சம்மட்டி பிடிக்கத் தெரிந்தால் போதாது. செபமும் சரியாகச் சொல்ல வேண்டும்! புராட்டஸ்டண்டு மதத்தில் பிறந்து வந்தவர்கள் தம் மதத்தை மறுத்துரைத்த பிறகே அந்தக் கோவில் ஏட்டில் இடம் பெற்றார்கள். ஏடு மெய்யைச் சொல்லும். ஆனால் எழுதுகோல் பிடித்தவன் அனுமதித்த மெய்யை மட்டுமே சொல்லும். ஏட்டைப் போற்றுவோர் இதை மறக்கலாகாது.

வந்தவர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகள். லா ரோஷெல் போன்ற துறைமுகங்களில் மூன்றாண்டுக்குக் கையெழுத்திட்டுக் கப்பலேறினர். "முப்பத்தாறு மாதக்காரர்" என்றே அவர்களுக்குப் பெயர். வேறு பலர் படைவீரர்கள். 1665-ல் வந்த கரிஞான் சாலியேர் படையின் ஏறத்தாழ 1,200 பேரில் 400 பேர் அளவுக்கு அங்கேயே தங்கிவிட்டனர். படையில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டப்பெயர்: கவலையற்றவன், மலர், இனிமையானவன், மகிழ்ந்த நெஞ்சன். தந்தை பெயரோடு பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணன் பிள்ளைகள் ஒன்றைக் கொள்ள, தம்பி பிள்ளைகள் மற்றொன்றைக் கொண்டார்கள். இரண்டு தலைமுறையில் ஒரே வயிற்றில் பிறந்தவர்களின் பேரர்கள் வெவ்வேறு பெயர்க்காரர் ஆயினர். பெயர் ஒன்றே குருதியின் அடையாளம் என்போர் இங்கே வந்து விடை சொல்லட்டும்!

1666-ல் அதிகாரி ஷான் தலோன் எடுத்த குடிக்கணக்கின்படி அங்கிருந்த ஐரோப்பியர் 3,215 பேர். ஆண்கள் 2,034, பெண்கள் 1,181. பெயர், வயது, தொழில் எல்லாம் அதில் உண்டு. இந்தச் சின்னஞ்சிறு கூட்டத்தில் கொல்லன் இல்லாமல் ஒரு நாளும் நகராது. காட்டை வெட்டக் கோடரி, நிலத்தைக் கீறக் கொழு, கதவுக்குக் கீல், துப்பாக்கிக்குப் பழுது என்று எல்லாம் அவன் கையில். அரசன் அனுப்பிய குதிரைகள் 1665-ல் வந்திறங்கின. லாடம் அடிக்கும் வேலையும் சேர்ந்தது. த்ருவா ரிவியேருக்கு அருகே செயின்ட் மோரிசில் இரும்பு உருக்காலை அமைக்க 1730-ல் அரசன் உரிமை வழங்கினான். அந்த ஆலை 1883 வரை நின்றது.

தந்தையின் உலையிலே மகன் பழகியது அங்கேயும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வேறு வழியில் செல்ல மகனைத் தடுக்கும் சாத்திரம் இல்லை. ஆணி அடிப்பவன் என்று பொருள்படும் "க்லூத்தியே" என்ற பெயர் தாங்கி 1634-ல் வந்த சகரி க்லூத்தியே, ஆணி அடிக்கவில்லை, தச்சராக இருந்தார். எழுதத் தெரியாத அவர், ஆவணத்தில் ஒரு கோடரியை வரைந்து தம் குறியாக இட்டார். 1645-ல் பிறந்த லூயி ஷோலியே, வண்டிச் சக்கரம் செய்பவரின் மகன். அந்த மகன் 1673-ல் மிசிசிப்பி ஆற்றின் போக்கை ஆராய்ந்து உலகப் படத்தில் இடம் பெற்றான். சக்கரம் செய்பவன் மகன் சக்கரமே செய்ய வேண்டும் என்று யாரேனும் அவனை இழுத்து நிறுத்தியிருந்தால்?

உலை அவனுடையது, ஊதியம் பாதிரியாருடையது

பெரிய ஏரிகளின் கூடலிலே மிஷிலிமாக்கினாக் என்ற வணிகக் கோட்டை. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே ஷான் பாப்தீஸ்த் அமியோ என்ற கொல்லர் வாழ்ந்தார். அவர் மனைவி மரி ஆன் ஒரு தொல்குடிப் பெண். சுற்றிலும் வாழ்ந்த ஒடாவா மக்களின் கோடரியையும் துப்பாக்கியையும் செப்பனிட்டவர் அமியோ. ஆனால் அந்தக் கோட்டையில் கொல்லுத் தொழிலின் உரிமை யார் கையில் இருந்தது தெரியுமா? ஏசு சபைப் பாதிரியார் கையில்! துருத்தி ஊதியவர் அமியோ. வியர்வை சிந்தியவர் அமியோ. வருவாயிலே பாதி போனது பாதிரியாருக்கு. குடும்பம் பசியில் வாடியது.

அவருக்காக வாதாட வந்தவர் யார்? அரசனா? ஆயரா? இல்லை. "காட்டு மனிதர்" என்று ஐரோப்பியர் ஏளனம் செய்த ஒடாவா மக்கள், 1740-களின் தொடக்கத்தில் ஆளுநரிடமே சென்று அந்தக் கொல்லனின் துயரை எடுத்துரைத்தார்கள். நாகரிகம் எது, காட்டுத்தனம் எது என்று இதைப் படிப்போர் தாமே முடிவு செய்யலாம்.

பெயர் உள்ளவளும் பெயரற்றவளும்

அந்த ஏடுகளில் நம் உள்ளத்தை ஈர்க்கும் மற்றொன்று உண்டு. பெண்ணை அவள் பிறந்த குடும்பப் பெயரோடுதான் எழுதினார்கள். திருமணத்திலும் அதே பெயர், பிள்ளையின் பிறப்பிலும் அதே பெயர், இறப்பிலும் அதே பெயர். 1663 முதல் 1673 வரை அரசன் செலவில் அனுப்பப்பட்ட 700-க்கும் மேற்பட்ட இளம் பெண்கள், "அரசனின் மகள்கள்" என்ற பெயரோடு வந்து குடும்பம் அமைத்தனர். பெற்றோரை இழந்தவர், வறியவர் அவருள் பலர். அவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் இன்று சொல்ல முடிகிறது. கொல்லனைத் தேடிச் சென்றவர், கொல்லனின் மனைவியையும் அவள் தாயையும் காண முடிகிறது.

ஆனால் பெயர் இருந்தால் உரிமை இருந்ததாகுமா? கியூபெக் மாநிலத் தேர்தலில் பெண்ணுக்கு வாக்குரிமை 1940-ல்தான் கிடைத்தது. மணமான பெண் கணவன் கையொப்பம் இல்லாமல் சட்டப்படி செயல்படும் தகுதியை 1964-ல்தான் பெற்றாள். மணமான பின்னும் பிறப்புப் பெயரே அவளது சட்டப் பெயர் என்பது 1981-ல் உறுதியாயிற்று. ஏடு கொடுத்த பெயருக்குச் சட்டம் உயிர் கொடுக்க முந்நூறு ஆண்டு ஆனது.

அந்தப் பெயர்கூடக் கிடைக்காதவர்களும் இருந்தார்கள். 1709-ல் அதிகாரி ரொதோவின் ஆணை, விலைக்கு வாங்கிய தொல்குடியினரும் கருப்பரும் வாங்கியவனின் உடைமை என்று சட்டமாக்கியது. மார்செல் துருதெல் என்ற வரலாற்றாசிரியர் இதே கோவில் ஏடுகளைத் துருவி ஆய்ந்து, 1960-ல் வெளியிட்ட நூலில் அந்தக் கொடுமையை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார். அவர் கணக்கிட்ட அடிமைகள் ஏறத்தாழ 4,000 பேர். அவருள் பெரும்பாலோர் தொல்குடியினர். ஞானத்தண்ணீர் தெளித்தார்கள், கிறித்துவப் பெயர் ஒன்றைச் சூட்டினார்கள், குடும்பப் பெயர் மட்டும் இல்லை. 1734-ல் மாண்ட்ரீல் நகருக்குத் தீ வைத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, வதைக்கப்பட்டு, தூக்கிலிடப்பட்ட கருப்பினப் பெண்ணை ஏடு "ஆஞ்செலிக் எனப்படும் மரி ஷோசெஃப்" என்கிறது. அவள் தந்தை யார், தாய் யார் என்று கேட்டால் ஏணி அங்கே முறிந்து விழுகிறது. ஆன்மா ஒன்றே என்று பாடிய கோவில், ஏட்டிலே வரி பிரித்து எழுதியது!

பத்தாம் தலைமுறைக் கணக்கு

இனி, நம் பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்கு ஒன்று. ஒருவனுக்குத் தாய்தந்தை இருவர். பாட்டன் பாட்டிகள் நால்வர். அடுத்து எண்மர். இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் பத்தாம் தலைமுறையில் 1,024 இடங்கள். அந்தக் கொல்லன் ஆயிரத்து இருபத்து நான்கில் ஒருவன்! ஏனைய 1,023 இடங்களில் உழவன் உண்டு, தச்சன் உண்டு, படைவீரன் உண்டு, தந்தையற்ற பெண் உண்டு. ஒரே ஆள் பல இடங்களில் வருவதும் உண்டு. கோடரிக் குறியிட்ட சகரி க்லூத்தியேவுக்கு 1800-க்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வழித்தோன்றல்கள் இருந்தனர். அப்படியானால் அவர் எவருடைய தனிச் சொத்து? என் குலம், என் குருதி என்று கோடு கிழிப்பவன் எந்த இடத்தில் கிழிப்பான்?

இந்தக் கணக்கு உயிர் காக்கவும் பயன்படுகிறது. சகனே பகுதியில் சில பரம்பரை நோய்கள் மிகுதி. முன்னே அதை விதி என்றிருப்பார்கள், சாபம் என்றிருப்பார்கள். ஷெரார் பூஷார் என்ற அறிஞர் 1971-ல் தொடங்கிய பணி, கோவில் ஏடுகளின் குடும்பத் தொடர்புகளைத் தொகுத்தது. குறைந்த எண்ணிக்கையில் வந்த குடியேறிகளின் வழியே அந்நோய்கள் எவ்வாறு பரவின என்று ஆய்வாளர்கள் கண்டறிய அது துணை நின்றது. பாதிரியார் ஆன்மாவுக்காக எழுதிய ஏடு, மருத்துவன் கையில் உடலுக்கு உதவியது. 1994-ல் கியூபெக் அரசு, பிறப்பு இறப்புப் பதிவைக் கோவிலிடமிருந்து எடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது. சமயம் எதுவாயினும், சமயமே இல்லாவிடினும், பிறந்த குழந்தைக்கு இன்று ஒரே ஏடுதான்.

தோழர்களே! அதே பிரெஞ்சு ஆட்சி நம் புதுவையிலும் ஏடு வைத்தது. 1881-ன் ஆணை, சாதிவழி வந்த தனிச்சட்டத்தைத் துறந்து, புதிய குடும்பப் பெயர் சூடிக்கொள்ளப் புதுவைத் தமிழருக்கு வழி திறந்தது. 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயரின் வாலில் தொங்கும் சாதிப்பட்டத்தை அறுத்தெறியச் சொன்னது. பெயரை மாற்றினால் முன்னோர் மறைந்துவிடுவரோ என்று அன்று சிலர் அஞ்சினர். கொல்லன் அவரையான பின்னும் பேரன் அவனைக் கண்டுபிடித்துவிட்டான் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம். முன்னோரைக் காப்பது பட்டம் அன்று, பதிவு.

ஆகவே முன்னோரைத் தேடுவது குற்றம் அன்று. எதற்காகத் தேடுகிறோம் என்பதே கேள்வி. ஏறி நிற்க மேடை தேடுகிறவன் பிரபுவைத் தேடட்டும். தன்னை அறிய விரும்புகிறவன் உழைத்தவனைத் தேடுவான். இந்தக் கிழமை நம் வீட்டு முதியவர்களிடம் உட்காருவோம். அவர்கள் தாயின் பெயரையும், தாயின் தாய் பெயரையும், அவர்கள் செய்த வேலையையும் கேட்டு ஓர் ஏட்டில் எழுதி வைப்போம். ஏர் பிடித்தவர் என்றால் ஏர் என்றே எழுதுவோம். பறை அடித்தவர் என்றால் பறை என்றே எழுதுவோம். துருத்தி ஊதியவர் என்றால் துருத்தி என்றே எழுதுவோம். வெட்கம் அவர்களுக்கு இல்லை. அவர்களை ஏட்டிலிருந்து விலக்கி வைத்தவர்களுக்கே அது உரியது.